வலப்பக்கத்து மானிட்டர்

நல்ல சவுண்டு என்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழவேண்டும், ஃபாதர். தொழிலுக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்டது அது. நம் கோவில் ஹாலில் ரிசப்ஷன் வைத்தவர்கள், சில்வெஸ்டர் சவுண்டு போட்டால் தலைவலி வராது என்று சொல்வார்கள். நீங்களும் ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

பூசைக்குத் தவறாமல் வருகிறேன், நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்திருப்பதில்லை, ஏன் என்று கேட்டீர்கள். வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் நான் 'பொறாமைப்பட்டேன்' என்று மட்டும் சொன்னவன். நீங்களும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். பொறாமை யாருக்குத்தான் வராது. அது வந்த பிறகு என் கை என்ன செய்தது என்பதை நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

டிரேவரை உங்களுக்குத் தெரியும். என் மனைவி லவினாவின் தம்பி. என் வண்டியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான், தோளைத் தொடவேண்டும். நீங்கள் இந்தப் பங்குக்கு வந்தபோதே அவன் அப்படி ஆகிவிட்டிருந்தான். அதற்கு முன்னால் எப்படி இருந்தான் என்பதை நான்தான் சொல்லவேண்டும்.

தொண்ணூற்றாறு வாக்கில், பி.யூ.சி.யில் ஃபெயிலாகி நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நான் தொழிலைக் கற்றுக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அடிப்படைதான். ஒரு பாட்டு இறங்கும்போது அடுத்ததை ஏற்றுவது. நடுவில் இடைவெளி விழுந்தால், மைக்கில் நிற்கும் எம்.சி. ஏதாவது ஜோக் சொல்லி அடைத்துவிடுவார். நம் ஆட்களின் ரிசப்ஷன் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. முதலில் கிராண்ட் மார்ச், பிறகு வால்ட்ஸ், ஜைவ், கடைசியில் பைலா என்று ஆட்டம் மாறிக்கொண்டே போகும். ஒன்று முடிந்து இன்னொன்று வருவதற்குள் பாதிப் பேர் கேக்கைப் பார்த்துப் போய்விடுவார்கள். அது அப்படித்தான் என்று நான் இருந்தேன்.

அவன் அப்படி இருக்கவில்லை. அடுகோடி ஏரியாவில் நம் சாமான் வைக்கும் ஷெட்டில், இரண்டு பழைய டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பான். ஓடும் பாட்டை ஒரு காதிலும், வரப்போகும் பாட்டை ஹெட்ஃபோனில் இன்னொரு காதிலும் கேட்டு, இரண்டின் தாளத் தட்டும் ஒன்றாகும்வரை வேகத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவான். பாட்டு எட்டு எட்டுத் தட்டாக வளரும், அந்த எட்டு முடிகிற வாசலில்தான் அடுத்ததை உள்ளே விடவேண்டும் என்பான். இரண்டு பாட்டின் கனத்த பேஸ் ஒலியும் சேர்ந்து இடிக்கக்கூடாது, ஒன்றை மூடிக்கொண்டே மற்றதைத் திறக்கவேண்டும் என்பான். இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஒருநாள் நம் பங்குக் கேத்தரின் வீட்டுக் கல்யாணத்தில் ஜைவிலிருந்து பைலாவுக்கு, ஆடுகிறவர்களின் கால் ஒரு தடவைகூடப் பிசகாமல் கொண்டுபோனான். இரண்டும் வேறு வேறு நடை, ஃபாதர். எங்கே மாறியது என்று ஆடியவர்களுக்கே தெரியவில்லை. கேக் அப்படியே இருந்தது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானும் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அவன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். "அவசரப்படாதீங்க மாமா, கை முந்துது. மொதல்ல காது கேக்கட்டும்" என்பான். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அவன் சலித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். லவினாவுக்குக்கூட நான் சொல்லாத விஷயம் இது. என் வலது காது பாதி போனது. இளவயதில் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று போனது. முதலில் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் விசில் கேட்கும். பிறகு மெல்லிய ஓசைகள் போகும், கொலுசு, டம்ளரில் ஸ்பூன் படுவது, அந்த மாதிரி. வலி இருக்காது. யாருக்கும் தெரியாது, நமக்கே நெடுநாள் தெரியாது. போனது திரும்பியும் வராது.

அடுத்த ஜனவரியில் ஒருவர் தன் பெண் கல்யாணத்துக்குச் சவுண்டு பேச வந்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு, "அந்தத் தம்பி மிக்ஸ் பண்ணட்டும் பிரதர். நீங்க பெட்டி எறக்கிக் குடுத்தா போதும்" என்றார். நல்ல மனிதர், மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தேன். அந்த மாதமே ரெசிடென்சி ரோடில் ஒரு பெரிய ஹோட்டலின் டிஸ்கோவிலிருந்து டிரேவரைக் கேட்டு ஆள் வந்தது. வருஷக் கடைசியில் புது ஆள் எடுப்போம், அப்போது வந்து வாசித்துக் காட்டு என்று அதன் மேனேஜர் சேஷகிரி சொல்லியனுப்பினார். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலேஜ் பிள்ளைகளுக்கு நடக்கும் ஜாம் செஷன் டான்ஸில் வாசித்துப் பழகட்டும் என்றார். சவுண்டு நம்முடையது.

வாசிக்கிறவனுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி உண்டு, மானிட்டர் என்போம். ஹாலின் சத்தம் அவனிடம் துளி நேரம் தாமதமாக வந்து சேரும், அதை நம்பித் தட்டைச் சேர்க்கமுடியாது. அதனால் மானிட்டரைப் பக்கத்திலேயே வைப்போம். டிரேவருக்கு இடது காதில் ஹெட்ஃபோன், வலது காது திறந்திருக்கும். மானிட்டரை இடுப்புயரத்தில், கொஞ்சம் தள்ளி வைப்பதுதான் முறை. நான் அதை ஸ்டாண்டில் ஏற்றி, அவன் வலது காதுக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். அதன் ஆம்ப்ளிஃபையர் பின்னால் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் சொல்லியிருப்பான். கொஞ்சமாக ஏற்றினால் காது பழகிக்கொள்ளும், அது எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமென்று ஹெட்ஃபோனை அவனே ஏற்றிக்கொண்டான்.

மழைக்காலத்துக்கு முன்பே, "காதுல விசில் அடிச்சிக்கினே இருக்குது மாமா" என்றான். பட்டினியாக நிற்காதே, வயிற்றுக்கு ஏதாவது போடு என்றேன். லவினா அவன் காதில் பஞ்சு வைத்து அனுப்பினாள். நான் பிள்ளைகள் முன்னால், "பாப்பாவுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, பஞ்சை எடுத்து ஜோபியில் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் ஏற்றவேண்டிய அவசியமே வரவில்லை. அவனே பின்னால் திரும்பி, "ஸ்வல்ப ஏத்துங்க மாமா, காதுல எடுக்கல" என்பான். கேட்டான், கொடுத்தேன். இந்த ஒரு விஷயத்தை நான் பல இரவுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவன் சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்து, "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்பான். தீபாவளி சமயத்தில் ஆட்டியபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சமையல்கட்டிலிருந்து லவினா எட்டிப் பார்த்து, சாவி எதற்கு என்றாள். பூட்டைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

உங்களுக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், ஃபாதர். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் அவன் வாசித்துக் காட்டிய அன்று ஹோட்டலில் கூட்டம் இல்லை. சாயங்காலம், நாற்காலியெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. சேஷகிரியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தைரியத்துக்கு நான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று டிரேவர் கேட்டிருந்தான். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவதை ஹெட்ஃபோனில் வைத்துச் சேர்க்கப் பார்த்தான். தட்டைச் சேர்ப்பது சிம்பலின் மெல்லிய ஓசையைப் பிடித்துத்தான். அவன் காதுக்கு அந்த ஓசை போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. நெற்றி வியர்த்துவிட்டது. வேகத்தை ஏற்றினான், இறக்கினான். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்து, "சேந்துச்சா மாமா?" என்று கேட்டான்.

சேரவில்லை. பாதிக் காது உள்ள எனக்கே கேட்டது. ஒன்று முன்னால் ஓட, இன்னொன்று நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது.

"சேந்துடுச்சி" என்றேன்.

என்னை நம்பி அவன் மிக்ஸரில் இரண்டாவது பாட்டை மேலே தள்ளினான். இரண்டு பாட்டும் அந்தக் காலி ஹாலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருண்டன. சேஷகிரி ரொம்ப நாசூக்காகத் தரையைப் பார்த்தார். டிரேவருக்கு உடனே புரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. என் காதும் சரியில்லையோ, பாவம், என்று பார்த்தான்.

டாக்டர் நரம்பு போய்விட்டது என்றார். வலது காதில் இப்போது ஒன்றும் இல்லை, இடது காதில் கொஞ்சம். அவனை நான் கைவிடவில்லை. வேலை கொடுத்தேன், வீட்டிலேயே வைத்துச் சாப்பாடு போட்டேன். "அவன் மாமா இல்லன்னா என் தம்பி தெருவுல நின்னிருப்பான்" என்று லவினா அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கும். ஆனால் போகமாட்டேன், அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்பேன். கல்யாணங்களில் இப்போது நான்தான் வாசிக்கிறேன். இடைவெளி விழுந்தால் எம்.சி. ஜோக் சொல்கிறார்.

உங்களிடம் வருவதற்கு முன்னால் அவனிடம் சொல்வதுதானே நியாயம், ஃபாதர். போன செவ்வாய்க்கிழமை ஷெட்டில் அவன் குனிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். மானிட்டரை ஏற்றியது, பஞ்சைக் கேலி செய்தது, சாவியை ஆட்டியது, சேர்ந்துவிட்டது என்று பொய் சொன்னது, ஒன்றுவிடாமல் சொன்னேன். முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஒயரைக் கட்டி வைத்துவிட்டு நிமிர்ந்து, நான் நிற்பதைப் பார்த்து, "எப்ப வந்தீங்க மாமா?" என்றான்.

அவனுக்கு வலப்பக்கமாக நின்றுதான் சொன்னேன். ஆனாலும் அவனிடம் சொல்லாமல் மறைத்தேன் என்று மட்டும் இனி யாரும் என்னைச் சொல்லமுடியாது.