பல்லுக்குள் தங்கிய காற்று

உட்காருங்கள் ஐயா, அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பல் மருத்துவர் மன்றத்திலிருந்து ஆள் வருகிறார் என்று கம்பினா கிராண்டே ஊர் முழுக்கப் பேச்சு. என் காதில் விழாமல் இருக்குமா?

எர்மீனியா டாக்டர் மேல் தப்பில்லை. என் தங்கை டால்வாவுக்கு முன்பல்லில் முனை உடைந்திருந்தது. ஜூன் திருவிழா மேடையில் பாட இடம் கிடைத்ததும், பல்லை வெளுத்து முனையையும் பூசி ஒட்டித் தரச் சொன்னாள். அங்கே நன்றாகப் பாடினால் இசைக்குழு அவளை ரெசிஃபே நகரத்துக்கே அழைத்துக்கொள்ளும். பிறகு வீட்டில் நான் ஒருத்திதான்.

வெளுக்கும் மருந்து பல்லுக்குள் ஆக்சிஜனை விட்டுவிட்டுப் போகும். அது இருக்கும்வரை பூச்சு சரியாகப் பிடிக்காது. சில வாரம் பொறுக்க வேண்டும். அவசரமென்றால் வைட்டமின் சி கலந்த ஜெல்லைத் தடவி முறிக்க வேண்டும். அதைக் கலந்து தடவுவது உதவியாளரான என் வேலை.

"என்னக்கா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் போறது பொறுக்கலையா?" என்றாள் டால்வா.

"வாயத் தொறடி. பாட்டுக்காரிக்குப் பேச்சு எதுக்கு?"

டாக்டர் சிரித்தார். "சுலெய்டி, மொதல்ல உன் நாக்குக்குத்தான் ஒரு பூச்சு போடணும்."

நான் வெறும் ஜெல்லைத் தடவினேன். வைட்டமின் பொடி டப்பாவிலேயே இருந்தது.

திருவிழா மேடையில், மூன்றாவது பாட்டில், ஒட்டிய முனை மைக்கில் இடித்துத் தெறித்தது. "ஏம்மா, சோளம் கடிச்சிக்கிட்டே பாடுறியா?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது, கைப்பேசிகள் உயர்ந்தன. அவள் என்னைத்தான் தேடினாள். நான் முதல் வரிசையில் நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். டாக்டரைச் சபிக்கிறாள், நான் மறுத்துப் பேசுவதில்லை. இசைக்குழுத் தலைவர் ஜெனிவால் வாசலுக்கே வந்தார். "பல்லு போனா என்னம்மா, குரல் இருக்கே. அனுப்பி வை" என்றார். அவள் உள்ளேதான் இருந்தாள். பாட்டை விட்டுவிட்டாள், யாரையும் பார்க்க மாட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வந்ததே அவளுக்குத் தெரியாது.

டாக்டரின் உரிமம் போகக்கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். குரலை மட்டும் தாழ்த்துங்கள், பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?