கேட்டால் கை தூக்கவும்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் சார். எழுதிக்கொள்கிற ரைட்டரை நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த அறையில் எதிரொலி வேறு அதிகம். சுவரில் நாலு கயிற்றுப்பாய் மாட்டினால் சரியாகிவிடும். உள்ளே ஆள் அடி வாங்குகிற சத்தமும் ரோட்டுக்குக் கேட்காது. வேண்டுமானால் அளவெடுத்துத் தருகிறேன்.

எல்லாம் கயிற்றுப்பாயில்தான் ஆரம்பித்தது. நான் நாகர்கோவில்காரன், பெயர் தாணுலிங்கம், இங்கே கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது புரொபசர் வகுப்பில் சொல்வதை லாபில் செய்துகாட்டுகிறவன். அவர் தப்பாகச் சொல்லியிருந்தாலும் நான் சரியாகச் செய்துகாட்ட வேண்டும். என் புரொபசர் வெங்கடசுப்ரமணியன் கிழக்கேகோட்டைக்காரர். கோட்டைக்குள் இருக்கிற சங்கீத சபைக்கும் அவர்தான் தலைவர். சபா ஹாலுக்குத் தகரக் கூரை. யாராவது தும்மினால், அந்தத் தும்மல் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். எந்தச் சுவரில் எவ்வளவு பாய் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும் என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தேன். ஆலப்புழையிலிருந்து பாய் வரவழைத்து, நானே ஏணியில் ஏறி மாட்டினேன். ஹால் யோக்கியமான ஹால் ஆயிற்று. பாடுகிறவர் என்ன பாடினாரோ அது மட்டும் கேட்கும்.

அதுதான் வினையாகிவிட்டது. முதல் கச்சேரி புரொபசருடையது. இத்தனை நாளும் அவர் விட்ட இடத்தையெல்லாம் தகரக் கூரை நிரப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அன்று நிரப்ப ஆளில்லை. தோடி தொடங்கியதும் முன்வரிசைக்காரர்கள் வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார்கள். பின்வரிசைக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். மறுநாள் கமிட்டியில், குரலையெல்லாம் பாய் குடித்துவிடுகிறது, தாணுலிங்கம் ஹாலைக் கெடுத்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். பாய்களைக் கழற்றினார்கள். அதில் ஒன்றைப் புரொபசர் வெட்டி லாப் வாசலில் கால் துடைக்கப் போட்டார். தினமும் அதில் இரண்டு காலையும் நிதானமாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் கல்லாற்றில் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. கல்லாற்றில் நடந்தது ஆராய்ச்சி.

பொன்முடியில் மழை பெய்தால், கீழே கல்லாற்றில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைவெள்ளம் வந்துவிடும். உங்களுக்குத் தெரியாததல்ல. குளிக்கிறவர்களை எச்சரிக்க, ஆற்றின் இரைச்சலை மீறி எந்தச் சத்தம் கேட்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். யோசனை என்னுடையது, ஆராய்ச்சி வழக்கம்போல அவர் பெயரில். ஆற்றின் இரைச்சல் கனத்த சத்தம். கீச்சென்ற சத்தம்தான் அதைத் தாண்டி வரும். அதற்காக எங்கள் லாபில் கால்ட்டன் விசில் என்று ஒன்று உண்டு. விரல் நீளப் பித்தளை விசில், பின்னால் ஒரு திருகு. திருகத் திருகச் சத்தம் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் வயசானவர்களுக்குக் கேட்காது. அப்புறம் வாலிபர்களுக்கும் கேட்காது. அதற்கும் மேலே நாய்க்கு மட்டும் கேட்கும்.

முதலில் லாபில் சோதித்தோம். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கேட்டால் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நான் திருகத் திருக, மாணவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்குவதை நிறுத்தினார்கள். புரொபசர் மட்டும் நிறுத்தவில்லை. ஓய்வு பெறப்போகிற வயசு, ஆனால் சங்கீதக் காது. கடைசித் தடவையும் கை தூக்கினார்.

"சுத்தமான காகலி நிஷாதம், ஓய். ஒமக்குக் கேக்கலியா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குக் கேட்கவில்லை என்றுதான் சொன்னேன்.

கல்லாற்றில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுப்பாறையில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கரையில். விடாமல் மூன்று தடவை விசில் கேட்டால் வெள்ளம் என்று அர்த்தம், உடனே கரையேறிவிட வேண்டும். அதுவும் நான் யோசித்து வைத்த ஏற்பாடுதான். காலையெல்லாம் நன்றாகப் போயிற்று. மத்தியானம் தண்ணீரில் சருகு வந்தது, பிறகு செம்மண் கலங்கி வந்தது, மேல் வளைவில் ஒரு உறுமல் கேட்டது. எனக்கு நல்ல காது. புரொபசர் கண்ணைத் திறக்கவில்லை. விதியை மதிக்கிறவர். நான் திருகைக் கடைசி வரை திருகிவிட்டு மூன்று தடவை ஊதினேன். மறுபடியும் ஊதினேன். மூச்சுத் திணறுகிற வரைக்கும் ஊதினேன்.

டீக்கடை ராஜையன் உங்களிடம் சொன்னது சரிதான். என்னிடமும் வந்து கேட்டார்: "சாரே, எனக்கு ஒரு விசிலும் கேக்கலியே. பின்னே எதுக்கு என் நாயி ரெண்டும் அப்படி ஊளை விட்டுது?"

நான் ஊதினேன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? நாய்க்குக் கூண்டேறிப் பொய் சொல்லத் தெரியாது.

சட்டைப்பையில் சாதாரண விசிலும் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது, உங்கள் போலீஸ் விசில்தான். ஊதினால் மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஆனால் அன்றைய சோதனை கால்ட்டன் விசிலுக்கு. பாதியில் கருவியை மாற்றினால் ஆராய்ச்சி கெட்டுவிடும். கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை என்று முதலிலேயே சொன்னேன். கல்லையாவது எறிந்திருக்கலாம் என்கிறீர்கள். புரொபசர் மேல் கல்லெறிவது மரியாதையா, சார்?

தண்ணீர் ஒரே மூச்சில் மார்புக்கு ஏறியபோதுதான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் கை உயர்ந்தது. கேட்டால் கை தூக்க வேண்டும் என்பது விதி. கேட்டுவிட்டது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் உடலைக் கீழே ஆட்கள் குளிக்கிற ஒரு கடவில் எடுத்தார்கள். நானும் போய்த் தூக்கினேன். வீட்டில் அவர் மனைவி லலிதாம்பாள் மாமி என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "நான் அடுக்களையிலேந்து நாலு தரம் கத்தினாத்தான் திரும்பிப் பார்ப்பார். அவரைப் போய் ஆத்து நடுவுல ஒக்காத்தி வெச்சேளே."

அதைக் கேட்டு எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, சத்தியமாக. ஆனால் மாமி பௌதிகம் படித்தவளில்லை. காரியம் முடிந்த பிறகு லாபுக்குப் போய், வாசலில் கிடந்த பாயை எடுத்துத் தூசி தட்டி, சுவரில் மாட்டினேன்.

அந்த விசில் அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அதற்கு மட்டும்தான் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. லாபில் அந்தக் கடைசித் தடவை நான் ஊதவே இல்லை. விசிலை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடியிருந்த புரொபசர் கை தூக்கி, காகலி நிஷாதம் என்றார். அதையும் ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு நான் எப்படிச் சந்தேகப்படுவேன்? ஊதாதபோதே கேட்டவருக்கு, ஊதினால் கேட்காமலா போகும்?