ஒரு சிவப்புகூட விழாத நாள்

இல்ல தம்பி, அந்தப் பேப்பரை மடிச்சு உள்ள வைங்க. நான் கையெழுத்துப் போடப்போறதில்ல. காபி ஆறுது, மொதல்ல அதைக் குடிங்க.

கோவமா? உங்க கம்பெனி மெஷினை நான் குறை சொல்லவே இல்லியே. நல்ல மெஷின்தான். ஹோட்டல்ல இருக்குற மேசையெல்லாம் திரையில கட்டம் கட்டமா தெரியுது. சூப் போயிருச்சுன்னா பச்சை. அடுத்தது கிளம்புற நேரம் வந்தா மஞ்சள். நேரம் தாண்டிருச்சுன்னா சிவப்பு. மொதலாளி மாடியில உக்காந்துக்கிட்டு சிவப்பை மட்டும் எண்ணுவாரு. சாப்பிட வந்தவங்க மூஞ்சியை ஒரு நாளாவது எட்டிப் பாத்திருப்பாரா?

திரைக்கு என்ன தெரியும் சொல்லுங்க. ஒருத்தர் ஸ்பூனை வச்சுட்டு ஊர்க்கதை பேசுவாரு, இன்னொருத்தர் மூணே வாயில முடிச்சிருவாரு. நான் சமையக்கட்டுக் கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே நிப்பேன். கிண்ணம் பாதி காலியானதும் உள்ள குரல் குடுப்பேன், ஏழாம் மேசைக்குக் கறியைப் போடுன்னு. கிண்ணத்தை எடுக்கவும் கறி வரவும் சரியா இருக்கும். சீக்கிரம் போனா எங்கள விரட்டுறியாம்பாங்க. லேட்டா போனா மேனேஜரைக் கூப்பிடும்பாங்க. பதினாறு வருஷமா இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னு நின்னுதான் காலு இப்பிடி வீங்கிக் கெடக்கு.

ஆமா, நீங்க சொல்ற அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு மேசை காலி இல்ல. நாலு மேசையைச் சேத்துப் போட்டு பொறந்தநாள் கூட்டம் வேற, பத்தொம்பது பேரு. இருந்தும் ஒரு சிவப்பு விழல. அதை எல்லாக் கிளையிலயும் போட்டுக் காட்டி, இந்தம்மா மாதிரி வேலை பாருங்கன்னு சொல்லப்போறீங்க, அதுக்குத்தான இந்தக் கையெழுத்து. என் ஃபோட்டோவும் போடுவீங்களா? வெளங்கிரும்.

அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் நாலு தடவை ஃபோன் அடிச்சாரு. எப்பவுமே அப்பிடித்தான், ரிமோட் எங்க, பனியன் எங்கன்னு உப்புப்பெறாத விஷயத்துக்கெல்லாம் அடிப்பாரு. மொதத் தடவை எடுத்தேன். பெரிய கூட்டம் இருக்கு, முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்னேன். சரி, நீ பாரும்மான்னாரு. குரல் கம்மிப்போய்த்தான் இருந்துச்சு. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அந்நேரம் ரெண்டு கட்டம் மஞ்சளா நிக்குது. அப்புறம் அடிச்ச மூணையும் நான் எடுக்கல.

எல்லாம் அனுப்பி முடிச்சுட்டுத் திருப்பிக் கூப்பிட்டா, பக்கத்து வீட்டு அக்கா எடுக்குறாங்க. கதவை உடைச்சுத்தான் உள்ள போனாங்களாம். அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.

அந்த அரை மணியிலதான் நான் பத்தொம்பது பேருக்கும் ஐஸ்கிரீம் அனுப்பிக்கிட்டிருந்தேன். ஒரு கிண்ணம்கூட உருகல தம்பி.