அறுநூறு எம்.எம். பறவை

– இந்த லென்ஸும் உங்களுக்கு வேணாம் சார். வெச்சுடுங்க.

– என்ன மேடம், இன்னும் கேமராவுல மாட்டவே இல்ல, அதுக்குள்ள வேணாம்னா?

– மாட்டினா கழட்டணுமே. நூத்தம்பதுல இருந்து அறுநூறு எம்.எம். வரைக்கும் இழுக்கும்னு டப்பாவுல போட்டிருக்கான். இழுக்கும்தான். ஆனா ஜூம் பண்ணப் பண்ண மூக்கு வெளிய நீளும். நீளும்போது தூசியையும் சேர்த்து உள்ள இழுத்துக்கும். நீங்களோ காடு மேடெல்லாம் சுத்தற ஆளு.

– சரியாச் சொன்னீங்க. அடிப்படையில நான் ஒரு வன உயிர் ஒளிப்படக் கலைஞன்.

– தெரியும் சார். கார்டு குடுத்திருக்கீங்களே, சிறுத்தை படம் போட்டு. நல்ல சிறுத்தை. எந்தக் காட்டுல எடுத்தீங்க?

– அது அச்சகத்துக்காரர்கிட்ட இருந்தது. அடிப்படையில சிறுத்தை எல்லாம் ஒண்ணுதான். சரி, இதை விடுங்க. அந்த இருநூறு – அறுநூறு குடுங்க. அதுல மூக்கு நீளாது, கண்ணாடி உள்ளுக்குள்ளயே நகரும். எனக்குத் தெரியாதா?

– நீளாது. ஆனா எப்பவுமே நீட்டாத்தான் இருக்கும், எந்தப் பையிலயும் அடங்காது. தூக்கிப் பாருங்க, ரெண்டு கிலோவுக்கு மேல. உங்க வயசுக்கு...

– என் வயசுக்கு என்ன?

– உங்க அனுபவத்துக்குன்னு சொல்ல வந்தேன்.

– அப்போ நூறு – நானூறு?

– தோள் வலிக்காது, கை நடுங்காது. ஆனா நானூறுல உங்க பறவை கடுகு மாதிரி தெரியும்.

– நடுவுல உருவத்தைப் பெருசாக்கற எக்ஸ்டெண்டர் ஒண்ணு போட்டா?

– கடுகு மிளகாகும். வெளிச்சம் பாதியாகும். நீங்க வர்றதே சாயங்காலம்.

– மேடம், மனசு விட்டுக் கேக்குறேன். நீங்க கடை வெச்சிருக்கீங்களா, மியூசியம் வெச்சிருக்கீங்களா? ஒரு மாசமா வந்து வந்து தேர்ந்தெடுக்கறேன். எதைத் தொட்டாலும் குத்தம். போன தடவை ஒண்ணு பிடிச்சுது, டப்பா மூலை நசுங்கியிருக்குன்னு உள்ள கொண்டுபோய் வெச்சுட்டீங்க.

– நசுங்கித்தான் இருந்துச்சு.

– நான் டப்பாவாலயா படம் எடுக்கப் போறேன்? இன்னிக்கு ஒண்ணை வாங்காம இந்தப் படி இறங்க மாட்டேன். வாங்கிட்டேன்னா அப்புறம் உங்க கடைப் பக்கமே தலைகாட்ட மாட்டேன். உங்களுக்கும் நிம்மதி.

– அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். நீங்க மாட்டிப் பாக்கறேன்னு பால்கனியில நின்னு லென்ஸைப் பத்திச் சொற்பொழிவு ஆத்தினதைக் கேட்டுட்டு ஒரு கல்யாண போட்டோகிராபர் வாங்கிட்டுப் போனார். போன வாரம் ஒரு பல் டாக்டர். பல்லைப் பாக்க எதுக்கு அறுநூறு எம்.எம்.னு நான் கேக்கல. உங்களால எனக்கு வியாபாரம்தான்.

– அவங்களுக்கு மட்டும் டப்பா நசுங்கலையா?

– அவங்களுக்கு என்ன எடுக்கப் போறோம்னு தெளிவு இருந்துச்சு. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ஒரு மாசமா 'பறவை, பறவை'ன்னு மட்டும்தான் சொல்றீங்க. என்ன பறவை?

– அரிய வகை.

– எங்க இருக்கு?

– உங்க பால்கனிக்கு நேர் எதிர்த்தாப்ல.

– எதிர்த்தாப்ல இருக்கறது ஓட்டப்பந்தய மைதானம் சார். அங்க காக்கா உண்டு, புறா உண்டு. ஒரு சோம்பேறி நாய் உண்டு.

– இது சாயங்காலம் மட்டும்தான் வெளிய வரும்.

– செவ்வாய், வியாழன், சனி.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– நீங்க வர்ற கிழமையைச் சொன்னேன். பறக்குமா?

– ஓடும்.

– எந்தத் திசையில?

– வட்டமா. இடது பக்கமாவே திரும்பித் திரும்பி.

– வால் உண்டா?

– உண்டு. தூக்கிக் கட்டியிருக்கும்.

– ரிப்பனோடயா?

– நீல... மேடம், நீங்க கிண்டல் பண்றீங்க.

– சேச்சே. ரிப்பன் கட்டின பறவைன்னா அரிய வகையேதான். ஜாடை உங்களை மாதிரி இருக்குமோ?

– மூக்கு மட்டும். மத்ததெல்லாம் அவங்க அம்மா.

– அப்பாடா! அதைச் சொல்ல ஒரு மாசம் ஆச்சா? உக்காருங்க, தண்ணி குடிங்க. பொண்ணு ஓடறதை அப்பன் போய் நின்னு பாக்க வேண்டியதுதானே? டிக்கெட்டும் கிடையாது, வேலியும் இடுப்பளவுதான்.

– வேலிதான் பிரச்சினையே. வேலிகிட்ட வரக் கூடாதுன்னு உத்தரவு.

– யாரு, கோச் போட்டாரா?

– கோச் சொன்னா நான் கேப்பேனா? பொண்ணு போட்டது.

– என்ன சார் பண்ணி வெச்சீங்க?

– ஒண்ணும் பண்ணல. ஒரு ஆலோசனை சொன்னேன். 'முழங்கையை உள்ள வை'ன்னு.

– எங்க இருந்து?

– வேலிமேல இருந்து.

– ஏறி நின்னுக்கிட்டா சொன்னீங்க!

– ஏறினா குரல் நல்லாப் போகும். அடிப்படையில அது ஒலியியல். அதைக்கூடப் பொறுத்துக்கிட்டா. ஆனா போன போட்டியில, துப்பாக்கி வெடிக்கறதுக்குள்ள நான் 'போ!'ன்னு கத்திட்டேன்.

– ஐயோ.

– அவளும் போயிட்டா.

– ஐயய்யோ!

– ஓடவே விடாம ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்தோம். வாசல்ல ஷூவைக் கழட்டும்போது சொன்னா, 'அப்பா, நான் ஓடற இடத்துல இனிமே உங்களை நான் பாக்கவே கூடாது'ன்னு.

– அதனாலதான் அறுநூறு எம்.எம்.

– அதனாலதான்.

– அதுக்குத்தான் பச்சைப் புள்ளி போட்ட சட்டை, அதுல பதினெட்டு பை, சிறுத்தை கார்டு எல்லாம். சட்டை கூடப் பரவாயில்ல சார். மறைஞ்சு நிக்கற மனுஷன் தலையில எதுக்கு ஆரஞ்சுத் தொப்பி?

– காட்டுல வேட்டைக்காரங்க தப்பிச் சுட்டுடாம இருக்க. சர்வதேச வழக்கம்.

– இந்தத் தெருவுல யாரும் சுட மாட்டாங்க சார். சும்மா மேல வந்து, 'கொஞ்ச நேரம் பால்கனியில நிக்கலாமா'ன்னு கேட்டிருக்கலாமே?

– கேட்டா விட்டிருப்பீங்களா?

– நாற்காலி போட்டிருப்பேன்.

– அந்தச் சட்டைக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா மேடம்?

– சரி, இன்னிக்கு என்ன அப்படி அவசரம்? வாங்கியே தீருவேன்னு நிக்கறீங்க.

– இன்னிக்கு தேர்வு ஓட்டம். நானூறு மீட்டர், ஒரே சுத்து. முதல் மூணு பேர் அடுத்த மாசம் பெரிய ஸ்டேடியத்துல ஓடுவாங்க. அங்க எதிர்த்தாப்ல உங்க கடை இருக்காதே! கடைசி வரிசையில ஏதாவது தூணுக்குப் பின்னால நின்னு பாக்கணும்னா, இது கையில இருந்தாகணும்.

– தூணுக்குப் பின்னால நின்னா கத்த மாட்டீங்களா?

– முயற்சி பண்ணுவேன். ஐயோ, மேடம், வரிசையில நிக்கறாங்க! குடுங்க, எதையாவது குடுங்க!

– இந்தாங்க, அந்த நீட்டு. கைப்பிடிச் சுவர்மேல தாங்கி வைங்க. அடியில பிடிங்க, வளையத்தைப் போட்டு முறுக்காதீங்க.

– எனக்குத் தெரியும். எங்க போனா... ஒரு கிளை... ஒரு காது... இது கோச்சோட காது...

– எடுத்த எடுப்புல அறுநூறுல தேடினா காதுதான் கிடைக்கும். இருநூறுக்கு வாங்க. ஆளைப் பிடிச்சுட்டு அப்புறம் கிட்டக்கப் போங்க.

– பிடிச்சுட்டேன்! நாலாவது கோடு. லேஸ் கட்டறா. எழுந்துட்டா. இதோ, எப்பவும் செய்யறதைச் செய்யறா பாருங்க.

– என்ன செய்யறா?

– ஓடறதுக்கு முன்னாடி இந்தப் பக்கமா ஒரு தடவை நிமிர்ந்து பாப்பா. ஒரு மாசமா கவனிக்கறேன். உங்க கட்டடத்துக் கடிகாரத்துல நேரம் பாக்கறா. ஒழுக்கம் மேடம், ஒழுக்கம்.

– எங்க கட்டடத்துல கடிகாரம் இல்லையே.

– அப்போ விளம்பரப் பலகை ஏதாவது இருக்கும்.

– இருக்கும், இருக்கும்.

– குனிஞ்சுட்டாங்க. மேடம், எனக்குக் கத்த வாய் வருது.

– இந்தாங்க, லென்ஸ் துடைக்கற துணி. கடிச்சுக்குங்க.

– ம்ம்.

– வெடிச்சாச்சு! கிளம்பிட்டாங்க சார்! எப்படி ஓடறா?

– ம்ம்ம்! ம்ம்!

– துணியை எடுத்துட்டு மெதுவாச் சொல்லுங்க.

– அஞ்சாவதா வர்றா. முழங்கை... மேடம், முழங்கை உள்ள இருக்கு! நான் சொல்லாமலே உள்ள இருக்கு! இப்போ நாலாவது. அந்தச் சிவப்புச் சட்டைப் பொண்ணு மறைக்குது. தள்ளும்மா! கொஞ்சம் தள்...

– சார், துணி!

– ம்ம்ம்ம்!

– எனக்கு வெறும் கண்ணுக்கே தெரியுது. கடைசி வளைவு. இன்னும் நாலாவதுதான். போம்மா... போ கண்ணு... சிவப்பைப் பிடி... போ! போ! போடீ!

– மேடம்! கத்தாதீங்க மேடம்! தெருவே நிமிர்ந்து பாக்குது!

– மூணு! மூணாவது சார்! ஒரு மூக்கு வித்தியாசத்துல! உங்க மூக்கு!

– மூணாவதுதானே? நாலாவது இல்லையே?

– மூணேதான். கோச் மூணு விரலைத் தூக்கிக் காட்டறார். லென்ஸ் வழியா நீங்களே பாருங்க.

– ஃபோகஸ் போயிடுச்சு மேடம். எல்லாம் கலங்கலாத் தெரியுது.

– லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. கண்ணைத் துடைங்க. பதினெட்டு பையில ஒரு கைக்குட்டை கூடவா இல்ல?

– எல்லாப் பையும் காலிதான் மேடம்.

– இந்தாங்க, என் முந்தானை வேணாம், இந்த டிஷ்யூவை எடுத்துக்குங்க. அப்புறம் படத்தைக் காட்டுங்க.

– என்ன படம்?

– கோட்டைத் தாண்டினாளே, அதை எடுத்தீங்கல்ல?

– கார்டு போடல.

– மெமரி கார்டையா மறந்துட்டீங்க? இன்னிக்குப் போயா!

– இன்னிக்கு மட்டும் இல்ல, ஒரு நாளும் போட்டதில்ல. போட்டா எது எப்படி வந்திருக்குன்னு திரையைக் குனிஞ்சு பாக்கத் தோணும். குனியற நேரத்துல அவ பாதி வளைவு ஓடிடுவா.

– அப்போ ஒரு மாசமா இங்க கேட்ட க்ளிக் சத்தமெல்லாம்?

– உங்களுக்காக அமுக்கினது.

– சர்வதேச அளவுல இப்படி ஒரு கலைஞனை நான் பாத்ததில்ல சார்.

– கேலி போதும். பில் போடுங்க. இந்த நீட்டையே எடுத்துக்கறேன்.

– இது வந்து... இதோட மூடி சரியா உக்காராது.

– மேடம்!

– தோள்பட்டை வாரும் உங்க சட்டைக்கு எடுப்பா இல்ல.

– ஊருக்கெல்லாம் விக்கறீங்க, பல் டாக்டருக்கு விக்கறீங்க, எனக்கு மட்டும் ஏன் விக்க மாட்டேங்கறீங்க?

– அது என் கையில இல்ல சார்.

– கடையே உங்களோடது!

– கடை என்னோடதுதான். சார், அதை விடுங்க, கீழ பாருங்க. உங்க பறவை ரோட்டைத் தாண்டுது.

– எங்க? ஐயோ! இங்கயா வர்றா? எல்லாம் நீங்க போட்ட கூச்சலால!

– நான் போட்ட கூச்சல்ல என் குரல்தானே கேட்டிருக்கும்?

– படியில காலடி கேக்குது. நான் எங்க ஒளியறது? இந்தத் திரைக்குப் பின்னாலயா?

– அது வெள்ளைத் திரை சார். உங்க சட்டை காட்டுலதான் மறைக்கும்.

– மேஜைக்கு அடியில?

– ஒரு கால் வெளிய இருக்கு. மடக்குங்க. தொப்பி, தொப்பி!

– நான் இங்க இல்ல மேடம். நான் இங்க வந்ததே இல்ல. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

– வாம்மா, வா வா! எப்படி மூச்சு வாங்குது பாரு. மூணாவது! கலக்கிட்டியே!

– அக்கா... ஒரு நிமிஷம்... தண்ணி... அப்பா கிளம்பிட்டாரா? நல்லவேளை. அக்கா, நான் சொன்ன மாதிரியே இன்னிக்கும் ஏதாவது குத்தம் சொல்லி ஒண்ணும் விக்காம அனுப்பிட்டீங்கல்ல? இன்னும் ஒரு மாசம் இங்கதான் பயிற்சி, அவர் பாட்டுக்கு வாங்கிட்டு இங்க வர்றதை நிறுத்திட்டார்னா அப்புறம் நான் நிமிர்ந்து பாக்கறப்போ அந்த ஆரஞ்சுத் தொப்பிக்கு எங்க போவேன் அக்கா?