இன்னொரு இட்லி

சகாதேவன்: இன்னாடி, செல்போன வெச்சிக்கினு யார திட்டிக்கினு இருக்க?

உண்ணாமலை: திட்டலங்க. "சால்வே"ன்னா வணக்கம். "க்விட் ஆகிஸ்"னா எப்டி இருக்கீங்க. லத்தீன்.

சகாதேவன்: மாடில குடியிருந்த வெள்ளக்கார வாத்தியார் பாஷையா? அவரே செத்து மூணு மாசம் ஆவுது. இனிமே யார்கிட்ட பேசுவ, மலைக் கொரங்குகிட்டயா?

உண்ணாமலை: அவர் பொண்ணுகிட்ட. மன்னிப்பு கேக்கணும். நாளைக்கு சாமான் எடுக்க வருது இல்ல?

சகாதேவன்: நாளைக்கு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். அடி அண்ணாமலை வரைக்கும் ஆட்டோவே விட மாட்டான்... அது இங்கிலீஷ் பேசுமேடி. சாரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.

உண்ணாமலை: சாரின்றது பஸ்ல கால மிதிச்சா சொல்றது.

சகாதேவன்: நீ எதுக்கு சாரி சொல்லணும்ன்றேன்? பக்கவாதம் வந்து படுத்தவர அப்பா, அப்பான்னு இருவது நாளு வாய்ல ஊட்டினவ நீ. பெத்த பொண்ணா வந்து செஞ்சுது?

உண்ணாமலை: அதுக்கு வேல, வர முடியலன்னு நீங்கதான சொன்னீங்க...

சகாதேவன்: சரி, சரி. அத வுடு.

உண்ணாமலை: வாதம் வந்து இங்கிலீஷ் சுத்தமா போச்சு. பள்ளிக்கூடத்துல நடத்தின லத்தீன்தான் நின்னுச்சு. காலைல தட்டு வெச்சதும் தெனம் ஒன்னு சொல்வாரே... "வோகா ஃபிலியம் மேயம்."

சகாதேவன்: ஆமா, நீயும் பெருசா புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு இன்னொரு இட்லி வெப்ப.

உண்ணாமலை: பசிக்குதுன்றார்னு நெனச்சேன்... நேத்து செல்போன் பாடத்துலதான் தெரிஞ்சுது. "என் பொண்ண கூப்புடு"ன்னு அர்த்தங்க. நான் தலையாட்டினா சிரிப்பாருங்க. கூப்ட்டுட்டேன்னு நெனச்சிக்கினு அந்த இட்லியும் சாப்ட்டுட்டு வாசலயே பாத்துக்கினு இருந்திருக்காரு. வர முடியலன்னாலும் போன் போட்டுக் குடுத்திருந்தா கொரலாவது கேட்டிருப்பாரு. பாவி நான்...

சகாதேவன்: அழாத. நீ தெரியாம செஞ்சது.

உண்ணாமலை: "இக்னோஸ்கே மிஹி." என்ன மன்னிச்சுடுன்னு அர்த்தம். சின்ன வயசுல பொண்ணுக்கு லத்தீன் சொல்லிக் குடுத்தேன்னு நல்லா இருந்தப்ப சொல்லியிருக்காரு. அப்பா பாஷைலயே கேட்டுக்கறேன்.

சகாதேவன்: ...இன்னொரு தபா சொல்லு.

உண்ணாமலை: எத?

சகாதேவன்: அந்த மன்னிப்பத்தான். மெதுவா.

உண்ணாமலை: இக்னோஸ்கே... மிஹி. உங்களுக்கு எதுக்குங்க? நீங்க இன்னா பண்ணீங்க?

சகாதேவன்: அவர் விழுந்த மறுநாளே அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. வரட்டுமான்னு கேட்டுது. எனக்கு நல்லாவே புரிஞ்சுது. சும்மா காய்ச்சல், வர வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்... அவர கூட்டிக்கினு போயிட்டா நீ தாங்க மாட்டியேன்னு.