பன்மை என்னிடம் இருந்தது

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் காலைப் பேருந்தில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஆகவே நான் பின்வரிசையில் உட்காருவேன். குலுக்கல் அதிகம், ஆனால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். இந்த விசாரணையில் என்னைக் கொடியவன் என்று எழுதிக்கொள்ளும் முன், களைத்தவன் என்பதையும் தாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் பெயர் தேவநாதன். ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பெருமுக்கல், கூனிமேடு, மரக்காணம் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒற்றை மருத்துவரை வைத்து நடக்கும் சிறிய ஆஸ்பத்திரிகள் உள்ளன. புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும்போது அவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்க்க ஓர் அறக்குழு வேண்டும். ஒரு மருத்துவர் தமக்குத் தாமே குழுவாக முடியாது. எனவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் மூன்று ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து ஒரு பொது அறக்குழுவை அமைத்தன. செயலாளர் மருத்துவரல்லாதவராக இருப்பது நல்லது என்றார்கள். ஊர் ஊராகப் போய் நோயாளிகளிடம் பேசிவரும் பொறுப்பும் அதனால் எனக்கே வந்தது.

விதிகளை எழுதியவன் நான். ஓர் ஊர் நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளலாகாது. செயலாளரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். அது நோயாளியின் மானத்தைக் காக்க எழுதிய விதி. இன்றும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

எழுபத்தெட்டில், ஆறாத கால்புண்ணுக்கு ஒரு மாத்திரை வந்தது. உப்புநீரில் நிற்பவர்களுக்கும் கல்லுடைப்பவர்களுக்கும் அந்தப் புண் உண்டு. மாத்திரை ஈரலைத் தாக்கக்கூடும் என்ற ஐயமும் இருந்தது. ‘யாருக்கேனும் கண் மஞ்சளானால் எல்லா ஊர்களிலும் மாத்திரையை நிறுத்துக’ என்று மரக்காணத்து மருத்துவர் ஏசுராஜ் எழுதிவந்தார். நான் அதை ‘நோயாளிகளுக்கு’ என்று திருத்தினேன். இந்தக் கடற்கரையில் தண்ணீராலேயே ஒருவருக்குக் காமாலை வரும். ஒருமைக்காக ஒரு சோதனையை நிறுத்துவது முறையன்று. வடமொழியில் உள்ள இருமை தமிழில் இல்லை. இரண்டிலேயே பன்மை தொடங்கிவிடும். அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

சித்திரையில், பெருமுக்கல்லில் கல்லுடைக்கும் அப்பாதுரைக்குக் கண் மஞ்சளாயிற்று. வைகாசியில், கூனிமேட்டில் கருவாடு போடும் அஞ்சம்மாளுக்கு. அந்தந்த மருத்துவர் தத்தம் செய்தியை என்னிடம் சொன்னார். “ஒருத்தர்தானே சார், தண்ணியாத்தான் இருக்கும்” என்று இருவருமே சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அது ஒருமை. பன்மை என்னிடம் மட்டும் இருந்தது.

அன்றே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் இரு சோதனைகளை நான் பாதியில் நிறுத்தியிருந்தேன். “காற்புள்ளி வைப்பாருன்னு கூப்பிட்டா, சார் முற்றுப்புள்ளி வச்சிட்டுப் போயிடறாரு” என்று ஏசுராஜ் ஒரு கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஒரு வேலையாவது அடித்தல் திருத்தல் இன்றி முடியட்டும் என்ற ஆசை அன்று பிறந்தது. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

ஆனியில் மரக்காணம் போனேன். உப்பளத்துப் பாஞ்சாலை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அருகில் அவள் கணவன் சிங்காரம்.

“பாருங்க வாத்தியாரய்யா, கல்யாணத்தன்னிக்குக்கூட இம்மாம் மஞ்சா பூசல. இப்பக் கண்ணுக்குள்ள பூசிக்கினு வந்திருக்கா.”

“நீ சும்மா இருய்யா. கால் ஆறிக்கினு வருதுன்னு உனுக்கு வயித்தெரிச்சல்” என்று அவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மழைக்கு முன்னாடி பாத்தில எறங்கணுங்க. மாத்திரைய உட்டா புண்ணு மறுபடி தொறந்துக்கும். ஆனா பயமாவும் இருக்குதுங்க. இத்தத் தின்னு வேற எங்கனா, யாருக்கனா இப்டி ஆச்சுங்களா? நீங்க ஊரூராப் போறவரு. ஆச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே தூக்கிக் கடாசிடறேன்.”

“இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லையம்மா” என்றேன்.

“அப்பாடி” என்றாள். சிங்காரத்திடம் தண்ணீர் வாங்கி, என் கண்ணெதிரே அன்றைய மாத்திரையை விழுங்கினாள். திரும்பும்போது பேருந்தில் நன்றாகத் தூங்கினேன்.

ஆடி முடிவதற்குள் பாஞ்சாலை இறந்தாள். அப்பாதுரையும் இறந்தார். அஞ்சம்மாள் மட்டும் பிழைத்துக்கொண்டாள். கண் மஞ்சளான பிறகு, மாத்திரை கசக்கிறதென்று யாரிடமும் சொல்லாமல் அதை மணலில் எறிந்துவந்திருக்கிறாள். கூனிமேட்டில் அவளைச் சந்தித்துச் சிங்காரம் பேசியதால்தான் இந்த விசாரணையே வந்தது. பேசக் கூடாதென்ற என் விதி மருத்துவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கணவர்களை நான் நினைக்கவில்லை. அது விதியில் உள்ள விடுபாடு, ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று ஏசுராஜ் வந்திருந்தார். நல்ல மனிதர், முகம் வாடியிருந்தது. “சார், உப்பளத்துப் பேச்சு உங்களுக்குச் சரியா வெளங்கலைன்னு சொல்லிடுங்க. இந்த ஊர்லனு கேட்டதா நெனச்சிட்டேன்னு சொல்லுங்க. நீங்க இலக்கணக்காரர், நம்பிடுவாங்க” என்றார்.

இரவெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னபடி சொன்னால் நான் தப்பிவிடலாம். ஆனால் ‘எங்கனா’ என்பது ‘எங்கேயானும்’ என்பதன் மரூஉ. எந்த ஊரையும் விலக்காமல் எல்லா ஊர்களையும் அது தழுவும். வாழ்நாள் முழுதும் தமிழ் கற்பித்தவன், ஒரு தமிழ் வாக்கியம் விளங்கவில்லை என்று கையெழுத்திட முடியாது.

விளங்கியது. அவள் கேட்டு முடிக்கும் முன்பே விளங்கியது. அப்பாதுரையும் அஞ்சம்மாளும் நினைவுக்கு வந்தார்கள். அதன் பிறகே ‘இந்த ஊரில்’ என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்தேன். அதைக் கேட்டால் அவள் மாத்திரையை விடமாட்டாள் என்பதும் தெரிந்தது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவளுக்குச் சொன்ன பதிலையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் பிழை இல்லை.