அடுப்பு மாடத்துக்குப் பின்னாடி

இல்ல சார், நீங்க பாட்டுக்கு அளங்க, நான் இப்படி ஓரமா உக்காந்து தேய்ச்சுக்கிட்டிருக்கேன். செங்கல்லெல்லாம் வெள்ளை பூத்துப் போச்சு, பாருங்க. வினிகர் தண்ணியில பிரஷ்ஷ நனைச்சுத் தேய்ச்சாத்தான் போகுது. சனிக்கிழமைக்குள்ள பளிச்சுன்னு ஆகணும்னு ரொசேர் சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரர்தான், இப்ப மேல போனாரே, இந்தக் குளிர்காயற விறகு அடுப்போட வந்த புத்தகத்தத் தேடிக்கிட்டு. வந்துடுவார். கொஞ்சம் நேரமாகும்.

காப்பி வேணுமா? வேணாமா, சரி. எட்மண்ட்ஸ்டன்லேருந்து இவ்வளவு பனியில வந்திருக்கீங்க. பூட்ஸுக்குக் கூச்சப்படாதீங்க, தரையத் தொடச்சுக்கலாம். நான் இப்படிப் பேசற ஆளே இல்ல சார். கடையில மாவு கேக்கறதுக்கே நாக்கு ஒட்டிக்கும். இன்னிக்கு என்னமோ கையும் நிக்கல, வாயும் நிக்கல.

ஆமா, இந்த பேஸ்மென்ட் முழுக்க அவரும் அவர் தம்பி நொர்மானும் கட்டினதுதான். அடுப்பு நிக்கற இந்த மாடத்துக்கு மூணு பக்கமும் மரச்சட்டம் நிறுத்தி, பலகை அடிச்சு, அதுமேல செங்கல். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்த இடிச்சப்ப எடுத்தது. எட்டாவது பாதியில நான் விட்டுட்டு வந்த பள்ளிக்கூடம், இப்ப என் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு. நொர்மான் அதச் சொல்லியே சிரிப்பான். மிச்சப் பாடத்த இனிமே குளிர் காஞ்சுக்கிட்டே படிங்க அண்ணின்னு.

போன ஜனவரியில மழை பெஞ்சு பெஞ்சு ஐஸா உறைஞ்சு, கம்பமெல்லாம் சாஞ்சுதே. அஞ்சு நாள் கரண்ட் இல்ல. பிள்ளைங்க ரெண்டையும் கோட்டோட படுக்க வச்சோம். சின்னவன் மார்செலுக்கு உதடெல்லாம் நீலம். அன்னிக்கே சொல்லிட்டார், அடுத்த குளிருக்கு என் வீட்டுல விறகு எரியும்னு. அப்பறம் அவர் வேலை பாத்த மரம் அறுக்கற மில்லையும் மூடிட்டாங்க. நாளெல்லாம் சோபாவுல கெடந்த மனுசன், இந்தச் சுவர எழுப்பறப்பதான் மறுபடி விசிலடிச்சார். சனிக்கிழமைதான் முதல் நெருப்பு. எங்க மாமியார் கையால பத்த வைக்கணுமாம். பட்டாணி சூப்பு, கறி அடைச்ச ரொட்டி, இருபத்திரெண்டு பேர்.

என்ன சார்? செங்கல்லுக்குப் பின்னாடி இடைவெளியா?

தட்டிப் பாருங்களேன். கெட்டியா கேக்குதா? கேக்கும். பலகையோட பலகையா ஒட்டித்தானே வச்சிருக்கு.

நான் ஒரு தடவ சொன்னேன் சார். ஒரு இன்ச் காத்து போக இடம் விடணும்னு புத்தகத்துல போட்டிருக்குங்கன்னு. அண்ணனும் தம்பியும் சிரிச்சாங்க. செங்கல் எங்கயாவது எரியுமா கிளெமான்ஸ், புகைபோக்கியையே அதுலதான கட்டறோம்னார். அதுவும் நியாயமாத்தான் பட்டுது. எரியாதுதான். ஆனா சூட்ட வாங்கி, பின்னாடி இருக்கற மரத்துக்குக் குடுத்துடுமாமே. மரம் வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள காஞ்சுக்கிட்டே வந்து, ஒரு நாள் தானா பத்திக்குமாம். விரல் வச்சு, எழுத்துக் கூட்டி, மூணு தடவ படிச்சேன்.

மேல இழுப்பறைய இழுக்கற சத்தம் கேக்குதா? இன்னும் தேடறார்.

போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்கு, பூசைக்குப் போனாங்க. முடிச்சு மாமியார் வீட்டுல சாப்பிட்டுத்தான் வருவாங்க. நான் தலைவலின்னு சொல்லிட்டேன். அவங்க வண்டி திரும்பினதும் கீழ வந்து அடுப்பப் பத்த வச்சேன். ஆமா சார், முதல் நெருப்பு நான் வச்சதுதான். மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். ரெண்டு தட்டுல வெண்ணெய் எடுத்தேன். பின்னாடி ரூம்ல இந்தச் சுவர ஒட்டி ஒண்ணு, அதே ரூம்ல ஜன்னலோரம் ஒண்ணு. கதவச் சாத்திட்டு ஒன்றரை மணி நேரம் படியிலயே உக்காந்திருந்தேன். போய்ப் பாத்தா, ஜன்னலோரத்துத் தட்டு வச்சது வச்சபடி இருக்கு. சுவரோரத்துத் தட்டுல எண்ணெயா ஓடுது. தணல அள்ளி பனியில புதைச்சேன். அவர் வந்தப்ப அடுப்பு இன்னும் வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. கீழ இறங்கிடாம இருக்க, சாப்பிட்டு வந்தவருக்கே சூப்பு குடிங்க, இன்னும் கொஞ்சம் குடிங்கன்னு ஊத்திக்கிட்டே இருந்தேன்.

பின்னாடி ரூம் யாருதா? பிள்ளைங்களுது. தலைமாடு இந்தச் சுவர் பக்கம். கதகதன்னு இருக்கும்னு அவரே பாத்துப் பாத்துப் போட்டார் கட்டில.

அவரு நெனச்சுக்கிட்டிருக்கார், புது அடுப்புன்னா இன்சூரன்ஸ்ல வழக்கமா அனுப்பற மாதிரிதான் உங்கள அனுப்பியிருக்காங்கன்னு. அப்படியே இருக்கட்டும் சார். பேர் சொல்லாம ஒரு பொண்ணு போன் பண்ணிச்சுன்னு உங்க சீட்டுல எழுதியிருப்பாங்க. பக்கத்து வீட்டு போன் அது.

இந்தாங்க, புத்தகம். காலையிலேருந்து ஏப்ரன் பையிலதான் இருக்கு. பதினாலாம் பக்கம், மூலைய மடிச்சிருக்கேன். சட்டுனு வாங்கிக்குங்க, ஈரக் கை. இடிக்கணும்னா இடிக்கச் சொல்லுங்க, ஆனா நீங்களா கண்டுபிடிச்சதா இருக்கட்டும். கொஞ்சம் பதமா சொல்லுங்க சார். வேலை நேர்த்தியாத்தானே இருக்கு, ஒரு செங்கல் கோணல் உண்டா? திரும்பக் கட்டுவார், ஒரு இன்ச் தள்ளி. நானே செங்கல் எடுத்துக் குடுப்பேன்.

கூப்பிடறார். இதோ வர்றேங்க! அங்க இல்லியா? துணி அலமாரியில பாருங்க, மேல் தட்டுல! சார், அவர் கேட்டா இந்தப் புத்தகம் உங்க பையிலயே இருந்ததுன்னு சொல்லிடுங்க, போன் பண்ணினது நான்தான்னு மட்டும் எக்காரணம் கொண்டும்... வந்துட்டேங்க, வந்துட்டேன், கை மட்டும் கழுவி